கரையாத டேட்டா

அன்லிமிட்டட் டேட்டா எடுத்து ஒன்பது நாள்கள் கழிந்தும், 'இதுவரை பாவித்தது' என்னுமிடத்தில் முக்கால் ஜிபி என்றே காட்டிக்கொண்டிருந்தது. டக்ளஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முக்கால்தான்.

"பாத்தியா ஷாமலா, இவனுக பண்ற களவாணித்தனத்த? காச மொத்தமா வாங்கிக்கிட்டு, ஒரு சொட்டுக்கூட விடமாட்டேங்கிறானுக."

"கொறச்சலா காட்டினா நல்லதுதானேங்க?" என்றாள் மனைவி.

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. எந்த வியாபாரியாவது கொறச்சுக் கணக்குக் காட்டுவானா?"

டக்ளஸ் தெல்தெனியவில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பிறருடைய விண்ணப்பங்களில் பிழை தேடியே இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவர். பாண் வாங்கினால் நிறுத்துப் பார்ப்பார். ஒரு வைத்தியர் எழுதிய மருந்தை வேறொரு வைத்தியரிடம் காட்டிய பின்னரே விழுங்குவார். பஸ்ஸில் பிக்பாக்கெட்காரர்கள் இருப்பார்கள் என்பதனால், கைபேசியை வீட்டு அலுமாரியின் மேல் வைத்துவிட்டே வேலைக்குப் போவார்.

அன்லிமிட்டட் எடுப்பது இலாபமா, ஏமாற்றமா என்று அலுவலகத்தில் ஒரு வாரமாக வாதம் நடந்தது. உண்மையைத் தாமே கண்டறிந்து உலகுக்கு உரைப்பதென்று தீர்மானித்துத்தான் அவர் அதனை எடுத்திருந்தார்.

"நாமளா பாவிச்சாத்தானே இவனுக குட்டு வெளிப்படும்?" என்றார். கண்டியிலிருந்து பதுளை வரைக்கும் ரயில் எஞ்சினிலிருந்தே பிடித்த ஏழுமணி நேரப் படமொன்றைத் தேடியெடுத்தார். அதனை ஆக உயர்ந்த தெளிவில் ஓடவிட்டு, போனைச் சார்ஜரிலும் செருகிவிட்டு, வேலைக்குப் புறப்பட்டார்.

ஷாமலாவுக்கு அதுவே கடிகாரமாயிற்று. ரயில் கம்பளையைக் கடக்கையில் உடுப்புத் தோய்ப்பாள். நானுஓயாவை அடைகையில் அரிசி களைவாள். மாலையில் டக்ளஸ் வந்து பார்த்தபோது ரயில் பதுளையை அடைந்திருந்தது. பாவித்தது முக்கால் ஜிபி.

அவர் உடனே கம்பனியின் இலக்கத்துக்கு அழைப்பெடுத்தார்.

"சேர், உங்களுக்கு இன்னும் நெறைய இருக்கு சேர்" என்றாள் ஒரு பெண்.

"இருக்குன்னுதாம்மா முறைப்பாடு!"

"சேர்… எல்லாரும் முடிஞ்சிருச்சுன்னுதான் எங்களுக்கு ஏசுவாங்க."

"அவங்கள ஏமாத்துற விதம் வேற, என்னைய ஏமாத்துற விதம் வேற. எனக்கு எல்லாம் வெளங்கும்" என்று கூறித் துண்டித்தார்.

மறுநாள் முதல் ரயில் பதுளைக்குப் போனதோடு நில்லாமல், கண்டிக்குத் திரும்பியும் வந்தது.

அந்த வாரத்திலேதான் மாடியிலிருந்து வீட்டுக்காரர் லாபிர் ஹாஜியார் இறங்கி வந்தார். அஸ்கிரியவில் இருந்த அந்த வீட்டின் மேல்மாடியில் அவருடைய குடும்பம். கீழே முன்பக்கத்தில் டக்ளசும் ஷாமலாவும். பின்னறையில் ரமேஸ் என்னும் ஹோட்டல் சமையற்காரர்.

"தம்பி டக்ளஸ், ஒரு கரச்சல் ஈக்கி" என்றார் ஹாஜியார். "நம்மட வைஃபை டேட்டா மாசம் பொறந்து பத்து நாள்ல முடிஞ்சி போச்சி. மகள் அனீஸாட கிளாஸ் பாதியில நிக்கிது. உயர்தரச் சோதனைக்கி ஆறு கெழமதான் ஈக்கி. எக்ஸ்ட்ரா போட்டன், அதுவும் மூணு நாள்ல தீந்திட்டு. யாரோ களவா குடிக்கிறான்."

"அடப் பாவிகளா!" என்றார் டக்ளஸ், உளமார.

"இந்த ஊட்ல ஈக்கிற ஆளாத்தான் இருக்கணும். ஆள் அம்புட்டா, யாரா இருந்தாலும் ஊட்ட காலி பண்ணத்தான் வேணும். புள்ளட படிப்பு வெளாட்டில்ல."

அவர் போனதும் ஷாமலாவின் முகம் வெளிறியது. பதினொரு மாதம் அலைந்து, நாலு மாதத்துக்கு முன்புதான் பெற்ற வீடு அது. கண்டி நகரத்தில் அந்த வாடகைக்கு மாட்டுக்கொட்டில்கூடக் கிடையாது.

"என்னங்க, நம்மளையும் சந்தேகப்படுவாரோ?"

"நானே புடிச்சுக் குடுத்துட்டா எப்படிச் சந்தேகப்படுவாரு?" என்று கூறிய டக்ளஸ், கைபேசியுடன் மாடியேறி, தம்முடைய அன்லிமிட்டட் கணக்கை ஹாஜியாரின் கண்ணெதிரே நீட்டினார். "பாருங்க நாநா. இவ்வளவும் மிச்சம் கெடக்கு. முடிக்க வழியில்லாம நான் ரயில் ஓட்டிக்கிட்டிருக்கேன். எனக்கெதுக்கு அடுத்தவன் டேட்டா?"

"உங்கள நான் செல்லவே இல்லயே தம்பி. பாஸ்வேர்ட மாத்தினா என்ன?"

"ஐயையோ, மாத்திறாதீங்க! மாத்தினா திருடன் உஷாராயிருவான். கையும் களவுமா புடிக்கணும் நாநா. இன்னும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டு விடுங்க. தின்ன வரட்டும்."

ஹாஜியார் மேலும் இரு தடவை போட்டார். இரு தடவையும் தீர்ந்தது. அந்நாள்களில் ரயில் நின்று நின்று ஊர்ந்ததை, மலையேற்றம் என்று ஷாமலா எண்ணிக்கொண்டாள். அனீஸா பாடத்தைத் தவறவிட்டு அழுத சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

டக்ளசின் ஐயம் முழுவதும் ரமேஸின் மேல் விழுந்தது. ரமேஸ் எந்நேரமும் காதில் வயர் செருகியிருப்பார். தமக்குத் தாமே சிரிப்பார். இவ்விரண்டும் போதாதா? ஹாஜியாரை அழைத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் தட்டினார்.

"போனக் காட்டுப்பா."

ரமேஸ் சட்டைப்பையிலிருந்து பொத்தான் வைத்த சிறிய போனொன்றை எடுத்து நீட்டினார். "இதுல ரேடியோ மட்டுந்தாண்ணே கேக்கும்."

"இது ஊருக்குக் காட்டுற போன். நெசமானத எங்க வச்சிருக்க?"

கட்டிலின் கீழிருந்த பெட்டியை டக்ளஸ் திறக்கச் செய்தார். உள்ளே உடுத்தும் சாரம் இரண்டு, ஹேவாஹெட்டையிலிருந்து ரமேஸின் தாய் அனுப்பிய தேயிலைப் பொட்டலம், சவர்க்காரம். இவற்றுக்கு மேல் ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா நாநா? எவ்வளவு கவனமா ஒளிச்சிருக்கான்!"

"இங்க பாருங்கண்ணே" என்றார் ரமேஸ், முகம் சிவந்து. "என் பெட்டியக் கெளறினதோட போதும். நான் திருடன்னு நிரூபிச்சா அன்னைக்கே போறேன். நிரூபிக்காட்டி நீங்க என்ன செய்வீங்க?"

டக்ளஸ் இவ்விதமான வாய்ப்பேச்சில் நம்பிக்கை வைப்பவர் அல்லர். அலுவலக முறைப்படி வெள்ளைத் தாளில் தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'மேற்படி டேட்டாவைக் களவாகப் பாவித்தவர் இன்னாரென நிரூபணமாகுமிடத்து, அன்னார் எதுவித ஆட்சேபணையுமின்றி இருபத்துநான்கு மணித்தியாலத்துள் வீட்டை ஒப்படைத்தல் வேண்டும்.' கீழே முதற் கையொப்பத்தைத் தாமே இட்டார். அடுத்து ரமேஸ் இட்டார்.

"எழுத்துல இருந்தாத்தான் நாநா, நாளைக்குப் பேச்சு மாறமாட்டானுக."

"நீங்க இல்லாட்டி நான் என்ன செய்வன் தம்பி?" என்று ஹாஜியார் அவருடைய தோளைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல், ஹாஜியாரின் தங்கை மகன் நபீல் மடிக்கணினியுடன் வந்து சேர்ந்தார். கட்டுகஸ்தோட்டையில் கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். மேல்மாடி வரவேற்பறையில் எல்லாரும் கூடினர். ரமேஸ் சுவரோரம் நின்றார். காதில் வயர் இருந்தது. டக்ளஸ் தாளைக் கையில் ஏந்தியவாறு முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார். கீழே ஷாமலா சமைத்துக்கொண்டிருந்தாள். ரயில் தடதடக்கும் ஓசை தரையின் வழியே மெல்லக் கேட்டது.

நபீல் திரையை உற்றுப் பார்த்து, "மாமா, ஒரே ஒரு போன்தான்" என்றார். "எல்லாத்தையும் அதுதான் உறிஞ்சுது. இப்பவும் உறிஞ்சிக்கிட்டுதான் ஈக்கி."

"இப்பவுமா!" என்று டக்ளஸ் துள்ளியெழுந்தார். "என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. யாருன்னு பேர் விழுதா தம்பி?"

"பேர் விழல்ல, வெறும் நம்பர்தான். ஆனா இது புதுசா நொழஞ்ச போன் இல்ல. நாலு மாசத்துக்கு முந்தியே பாஸ்வேர்ட் போட்டுச் சேத்திருக்கி. இந்த மாசந்தான் பேயாட்டம் இழுக்குது."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "நான் வெளியாக்களுக்குப் பாஸ்வேர்ட் குடுத்ததில்லயே. வாடகைக்கி வந்த ஆக்களுக்கு, அடையாள அட்டப் படத்த அனுப்பச் செல்லிக் குடுத்தது மட்டுந்தான்."

"அதாகப்பட்டது, வந்த அன்னைக்கே திட்டம் போட்டுத்தான் நொழஞ்சிருக்கான்" என்று டக்ளஸ் ரமேஸை நோக்கித் தாளை ஆட்டினார். "இந்தக் காலத்துல யாரைத்தான் நம்புறது?"

ரமேஸ் காது வயரைச் சரிசெய்துகொண்டார்.

"இப்ப அந்தப் போன இங்க இருந்தே வெட்டி விடுறன்" என்றார் நபீல். "எந்த எடத்துல ஓட்டம் நிக்கிதோ, அங்கதான் ஆள். வெட்டவா மாமா?"

ஹாஜியார் தயங்கினார். "பாவம், ஏழப் புள்ள. ஒருக்கா மன்னிச்சி உட்டா என்ன தம்பி?"

"கூடவே கூடாது நாநா! ஒப்பந்தம்னா ஒப்பந்தம். கள்ளனுக்கு இரக்கம் காட்டினா, அனீஸா சோதனைக்கு யார் பதில் சொல்றது? வெட்டுங்க தம்பி!"

நபீல் விசையை அழுத்தினார்.

அறையில் இருந்தவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு ரமேஸைப் பார்த்தனர். அவருடைய காது வயரிலிருந்து வானொலிப் பாட்டு முன்போலவே மெல்லிதாகக் கசிந்துகொண்டிருந்தது. தரைக்குக் கீழே மட்டும் ஏதோ ஓய்ந்தாற்போல் இருந்தது.

அப்போது படிக்கட்டின் அடியிலிருந்து ஷாமலாவின் குரல் மகிழ்ச்சியுடன் உயர்ந்தது:

"என்னங்க, ஓடியாங்க! ரயில் ஹட்டன்கிட்ட அப்படியே நின்னுபோச்சு, உங்க அன்லிமிட்டட் ஒருவழியா முடிஞ்சிருச்சு!"