மழைக்கு முன்பே நிறைந்த குழி

உலக நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் தோன்றின. எங்கள் பொருநை கார்டன் ஒரு படி மேலே போய் வயலுக்குள்ளேயே தோன்றியது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நேற்றுவரை நாற்று நட்ட இடத்தில் இன்று அறுபது வீடுகள், சிமெண்டுத் தெருக்கள், ஒரு நலச் சங்கம். அச்சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், எங்கள் மழைநீர் சேகரிப்புக் குழியின் மாபெரும் வெற்றியைப் பதிவு செய்வது என் கடமை.

மழைத் தண்ணீர் தெருவில் ஓடாமல் மண்ணுக்குள் இறங்க, பத்தடிக் குழி வேண்டும் என்பது விதி. தோண்டினோம். மூன்றாவது அடியிலேயே தண்ணீர் பொங்கிவிட்டது.

"கீழ பூரா தண்ணி கெடக்கே வே! மேல பெய்யுத தண்ணி எங்கன இறங்கும்?" என்று கேட்டார் சங்கத் தலைவர் எஸ்றா அண்ணாச்சி.

"சேகரிக்கத்தான அண்ணாச்சி குழி? நாம மழையே இல்லாம சேகரிச்சிட்டோம்லா" என்றேன். கூட்டம் கைதட்டியது.

பார்வையிட வந்த அதிகாரிக்கு அந்த அளவு ரசனை இல்லை. "குழி காலியா இருக்கணும். தரை தெரியுத மாதிரி போட்டோ எடுக்கணும். வியாழக்கிழமை வாரேன், இல்லன்னா ஒப்புதல் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டார் வைத்து இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. வியாழன்வரை நான்கு நாள் மோட்டாரை நிறுத்தவே இல்லை. படத்தில் குழியின் தரை பளிச்சென்று விழுந்தது. ஒப்புதலும் வந்துவிட்டது.

இறைத்த தண்ணீர் தெருச் சரிவில் ஓடி, கடைசி வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கும் ஆசியா உம்மாளிடம் 'சென்று சேர்ந்தது'. சேறு சொட்டும் சட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி என் வாசலுக்கு வந்தார்.

"வெயிலு கொளுத்துது அண்ணாச்சி. எங்க வீட்டுக்குள்ள மட்டும் எப்படி வெள்ளம்? ரெண்டு தையல் மிஷினும் போச்சு. தைக்கக் குடுத்த துணி பூரா சேறு. இனி நான் எதை வச்சுப் பொழைக்க?"

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'சங்கம் தனது குழியிலிருந்து மோட்டார் மூலம் நான்கு நாட்கள் வெளியேற்றிய நீர் முழுவதையும் தமது இல்லத்தில் ஏற்றுக்கொண்ட ஆசியா உம்மாள் அவர்களின் தியாகத்தைச் சங்கம் மனமாரப் பாராட்டுகிறது.'

தீர்மானத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. வடிய மண்ணில் இடமில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி ஆசியா உம்மாள் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா விளக்கமா எழுதியிருக்கிய அண்ணாச்சி. நீங்களும் தலைவரும் கையெழுத்தும் போட்டிருக்கிய. சங்கத்துச் சீலுதான் காணல."

என்ன பண்பு! பையிலிருந்து முத்திரையை எடுத்து, எழுத்து தெளிவாக விழும்படி அழுத்திக் குத்தினேன்.

"கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவியளா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குதாவ" என்றார் அவர், தாளை ஈரம் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு. "தண்ணிய விட்டது யாருன்னு அங்கன ஆதாரம் கேப்பாவல்லா?"