ஒரு முழம் மிச்சம்

ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே, சமையலறையைச் சீர்திருத்தாமல் ஓய்வதில்லை என்று ஸ்டோர் கீப்பர் முடிவெடுத்துவிட்டார்.

பாவம், அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. தொழிற்சாலையில் ஆணி முதல் ஆயில் வரை அவரைக் கேட்காமல் எதுவும் அலமாரியை விட்டு நகர்ந்ததில்லை. போல்ட்டுக்கு ஒரு சீட்டு, நட்டுக்கு ஒரு சீட்டு என்று ஒட்டி ஒட்டியே காலம் தள்ளியவர். இப்போது அவர் ஆட்சியில் மிஞ்சியது ஜன்னலோரத்து நாற்காலி ஒன்றுதான். அதிலும் பாதியைத் துவைத்த துணி பிடித்துக்கொள்ளும். இனி தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரே ஏக்கம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. அதனால் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டினார். ஒட்டிய கையோடு மனைவிக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்த மனைவியின் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"ஏங்க, இதுல என்னத்தைப் போட்டீங்க?"

"சர்க்கரைதான். சீட்டைப் பார்த்துத்தான் போட்டேன்."

"சீட்டை யாரு எழுதினது?"

"நான்தான். டப்பா மேலயே சர்க்கரைன்னு அச்சடிச்சிருக்கே!"

"கல்யாணமான புதுசுல வாங்கின டப்பாங்க அது. அன்னியிலேருந்து அதுல உப்புதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்! இங்க ஒரு முறையே இல்ல. சமையலறைப் பொறுப்பை என்கிட்ட குடு. எப்படி மாத்திக் காட்டறேன் பாரு!"

மனைவி மறுக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"தாராளமாத் தரேன். ஆனா தெரிஞ்ச வேலையைச் செய்யறது பெரிசில்ல. தெரியாத வேலை ஒண்ணு செஞ்சு காட்டுங்க. இலை உதிர ஆரம்பிச்சாச்சு, குளிர் வரப்போகுது. எனக்கு குரோஷா ஊசியில ஒரு மஃப்ளர் பின்னிக் குடுங்க. நீலம் ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை. அது முடியற அன்னிக்கு சமையலறை உங்களுது."

"பூ, இவ்வளவுதானா? வாசல் மரம் மொட்டையாகறதுக்குள்ள முடிச்சுடுவேன். அதுவும் எங்க ஸ்டோர் முறைப்படி. ஒரு முழம் நூல்கூட மிச்சமிருக்காது!"

"மிச்சமே இருக்காதா?"

"இருந்தா அது முடிஞ்ச வேலையே இல்ல!"

"நீங்க சொன்னா சரிதாங்க" என்றாள். இப்படி ஒரே பேச்சில் அவள் சரி என்று சொன்னதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வளைந்த மூக்குள்ள அந்த ஊசியைப் பிடிக்க மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். "கண்ணிக்குள்ள விடுங்க, நூலைச் சுத்துங்க, இழுங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நூல் ஊசியைச் சுற்றியது, விரலைச் சுற்றியது, நாற்காலிக் காலையும் சுற்றியது. எப்படியோ மஃப்ளர் வளர்ந்தது. வளர வளர இளைத்தது.

எதிர்வீட்டு டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, அக்காவுக்கு டை பின்றீங்களா?"

மனைவி கையில் வாங்கிப் பார்த்தாள். "ஒவ்வொரு வரிசையிலயும் கடைசிக் கண்ணியை விட்டுட்டுத் திரும்பிடறீங்க. ஓரமா நின்னாலும் அதுவும் கண்ணிதாங்க. அதை விட்டா எல்லாமே சுருங்கிடும்."

ஏனோ அந்தப் பேச்சு அவர் மனசைத் தொட்டது. ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஓரக் கண்ணி ஒன்றைக்கூட விடவில்லை.

பட்டைகள் அழகாக விழுந்தன. ஒருநாள் நீல நூல் தீர்ந்தது. மஞ்சளில் கொஞ்சம் மிச்சம்.

"மிச்சமிருக்கே" என்றாள் மனைவி.

"இருக்கு. ஆனா நீலத்துல ஆரம்பிச்சா நீலத்துலதான் முடிக்கணும். நீலம் வாங்கிட்டு வா."

அவள் நீலம் வாங்கி வந்தாள். மஞ்சள் தீர்ந்தது, நீலம் மிஞ்சியது. மஞ்சள் வாங்கி வந்தாள். நீலம் தீர்ந்தது, மஞ்சள் மிஞ்சியது. உருண்டை எப்போதும் தேவைக்குக் கொஞ்சம் பெரியதாகவே வந்தது. கடைக்காரர் தாராளமானவர் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மஃப்ளர் அவர் முழங்காலைத் தாண்டி, தரையைத் தொட்டு, அங்கேயே சுருண்டு படுத்தது. சமையலறைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு நேரம் எங்கே இருந்தது?

"யாருக்கண்ணே இது, ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்று சிரித்த டெய்லரம்மா, ஓரத்தைத் தடவிப் பார்த்ததும் குரலை மாற்றினாள். "ஆனா ஓரம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. எனக்கும் ஒண்ணு பின்னித் தரணும், ஆமா."

"வரிசையில வாங்க" என்றார் ஸ்டோர் கீப்பர். பழைய அதிகாரக் குரல் தானாக வந்தது. கேட்க அவருக்கே சுகமாயிருந்தது.

மரத்தில் நாலைந்து இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குப் புத்தி வேலை செய்தது. இரண்டு உருண்டையையும் கையில் தூக்கி எடை பார்த்தார். மஞ்சள் பட்டையை ஒல்லியாக்கினார். நீலத்தை அகலமாக்கினார். இரண்டும் ஒன்றாகத் தீர்ந்தன!

"முடிஞ்சுது! பார்த்துக்க, ஒரு இழை மிச்சமில்ல!"

மனைவி அதைக் கழுத்தில் சுற்றினாள், மறுபடி சுற்றினாள், இன்னும் சுற்றினாள். அப்படியும் வால் தரையில் இழுபட்டது. "கதகதன்னு இருக்குங்க. நிஜமாவே அழகாப் பின்னியிருக்கீங்க" என்றாள். அவள் கண் பளபளத்தது. அதில் பொய் இல்லை.

அப்புறம் கரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சமையலறை உங்களுதாச்சே! நானும் டெய்லரம்மாவும் நடந்துட்டு வரோம். நல்ல பசியோட வருவோம், அவளுக்கும் சேர்த்து ஆக்கி வைங்க. இனிமே மூணு வேளையும் உங்க பொறுப்பு."

"நான் சீட்டு ஒட்டறதைத்தானே சொன்னேன்?"

"பாதிப் பொறுப்பு எடுத்துக்கறதுதான் உங்க ஸ்டோர் முறையா?"

அவள் செருப்பைத் தேடித் திரும்பினாள். ஸ்டோர் கீப்பர் அடுப்பைப் பார்த்தார். உப்பிருந்த சர்க்கரை டப்பாவைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் தரையில் கிடந்த மஃப்ளர் வாலைப் பார்த்தார். சத்தமில்லாமல் குனிந்தார். கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தார்.

"ஏம்மா, நில்லு! ஒரு முழம் மிச்சமிருக்கு!"

"அடடா! அப்போ இன்னும் முடியலையா?"

"எப்படி முடியும்? மிச்சமிருந்தா அது முடிஞ்ச வேலையே இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே!"

மனைவி வருத்தத்தோடு தலையாட்டினாள். கரண்டியை வாங்கி அதன் இடத்தில் மாட்டினாள். பிறகு பையைத் திறந்து, புத்தம் புது சிவப்பு உருண்டை ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

"மிச்சம் வரும்னு தெரியுங்க. அதான் காலையிலயே வாங்கி வெச்சேன்."