மேலேயிருந்து பார்க்கும் டாக்டர்

மேற்பார்வையாளர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். வேலையை மட்டும் அவர் கிட்டே போய்ப் பார்த்திருக்க மாட்டார். இங்கே நாம் பார்க்கப்போவது அந்த இனத்தின் உயர்ந்த ரகம்: ஆம்புலன்ஸ் மேற்பார்வை டாக்டர்.

சட்டசபை கூடி ஒரு சட்டம் போட்டது. ஆம்புலன்ஸில் போகிற உதவியாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு டாக்டர் மேற்பார்வை செய்ய வேண்டும். ஊசி போடுமுன் அவரிடம் போனில் அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? சட்டம் கேட்டது ஒரு டாக்டரை. வந்து வாய்த்ததோ ஒரு மேற்பார்வையாளர். அந்தச் சொல்லை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். வந்த முதல் வாரமே அறையை மேல்மாடிக்கு மாற்றி, ஆம்புலன்ஸ் கொட்டகை முழுசாகத் தெரிகிற மாதிரி ஜன்னலை அகலப்படுத்தி, அதற்கொரு திரையும் போட்டு, மேலேயிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். வண்டிக்குள் ஒருநாளாவது ஏறியிருக்கிறாரா? அந்தப் பாவத்தை அவர் செய்ததேயில்லை. ஊழியர்கள் அவருக்கு ‘மேல்மாடி’ என்று பெயர் வைத்தார்கள்.

மேல்மாடியிடம் அதிகம் மாட்டிக்கொண்டு முழித்தவள் மூத்த உதவியாளரான ஒரு பெண். பதினோரு வருஷ சர்வீஸ். குலுங்குகிற வண்டியிலும் கைக்குழந்தைக்கு நரம்பு பிடித்து ஊசி ஏற்றிவிடுவாள். அவள் வியர்க்க விறுவிறுக்க போன் செய்வாள்.

“சார், பேஷன்ட்டுக்கு மூச்சு இழுக்குது. ஊசி போட்டுடட்டுமா?”

“பேர் என்ன?”

“தெரியல சார். ரோட்டுல விழுந்து கிடந்தார்.”

“பேர் தெரியாம படிவத்துல என்னத்தம்மா எழுதறது? விசாரிச்சுட்டுக் கூப்பிடு.”

மனுஷன் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் கையெழுத்து விழாத உடம்பில் நாடி துடிக்காது என்று அவர் மனசார நம்பினார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு, கீழே யார் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்க்கத் திரையை விலக்கினார். திரைக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருந்தது. கழுத்தில் ஒரே கொட்டு. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்க, நாற்காலியிலிருந்து சரிந்தார். பியூன் போட்ட கூச்சலில் அந்தப் பெண் பையோடு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தொடையில் உடனே ஊசி போடாவிட்டால் ஆள் போய்விடுவார். மருந்தை ஊசியில் ஏற்றினாள். கை நின்றது. அனுமதி? அனுமதியில்லாமல் ஊசி போட்ட ஒருவனைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பியவர் இதோ தரையில் கிடக்கிற இதே ஆள்தான். இடது கையால் போனை அழுத்தினாள்.

டாக்டரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் கண்ணை உருட்டினார், எடுக்கத் தெம்பில்லை. நாலு தடவை அடித்து ஓய்ந்தது.

“வேலை போனா போகட்டும். காலைப் பிடிங்கண்ணே” என்று பியூனிடம் சொல்லிவிட்டு, பேண்ட்டுக்கு மேலேயே குத்தினாள்.

பிழைத்தார். நன்றாகவே பிழைத்தார். நாலாம் நாள் வேலைக்குத் திரும்பியவர் அவளைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கண் கலங்கி... என்றெல்லாம் எதிர்பார்த்தீர்களானால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. மெமோ கொடுத்தார்: ‘மேற்பார்வை மருத்துவரின் அனுமதியின்றி நோயாளிக்கு ஊசி போட்டது ஏன்?’

அதே தாளில், நின்றபடியே பதில் எழுதினாள்: ‘அனுமதி கேட்டேன். மேற்பார்வை மருத்துவர் போனை எடுக்கவில்லை.’

அவர் அதை ரொம்ப நேரம் படித்தார். சட்டப்படி பார்த்தால், போனை எடுக்காத டாக்டருக்கல்லவா மெமோ போக வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, இந்தத் தடவை விட்டுடறேன். போம்மா.”

யாரை விட்டார் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்: ‘அவள் செய்தது சரிதான், ஆனாலும் இன்னொரு தடவை போன் அடித்துப் பார்த்திருக்கலாமே’ என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், தயவுசெய்து இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டாதீர்கள். எல்லோரும் உங்களையே திரும்பிப் பார்ப்பார்கள்.