பெரட்டுக்களத்தில் ஒரு நாற்காலி

குருசாமி கங்காணி எல்லார் பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டார். பெரியமுத்து பேர் மட்டும் வரவில்லை.

இருமல்காரன் பேர் வந்தது. ஒற்றைக் கண்காரன் பேர் வந்தது. போன வாரம் செத்துப்போனவன் பேர்கூடப் பழக்கதோஷத்தில் வந்தது. பிறகுதான் "அட, அவன் போயிட்டான்ல" என்று கங்காணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கங்காணியாரே, எம்பேரு?" என்றான் பெரியமுத்து.

"ஒனக்குப் பேரு கெடையாதுலே. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. எல்லாம் மரியாதைக்காகத்தான்."

"மரியாதைன்னா பேரு கெடையாதா?"

"நீ வீரன்லே! பசரா போயி சக்கரவர்த்திக்குத் தொண்டு செஞ்சவன். ஒன்னயப் போயி கவ்வாத்து வெட்டச் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். தொரையே சொல்லிட்டாரு."

மூணுகல் எஸ்டேட்டில் பேர் என்பது சின்ன விஷயம் இல்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேரைக் கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு, கூலி உண்டு, அரிசி உண்டு. கூப்பிடாவிட்டால் அந்த ஆள் அங்கே நிற்பது ஒரு பிரமை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பேர் இருந்தால்தான் லயத்தில் தனி வீடு. வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு ஒழுகல்.

இந்தப் பேருக்காகத்தான் பெரியமுத்து கடல் தாண்டித் திரும்பி வந்திருந்தான். கப்பலில் வாந்தி எடுக்காத நேரமெல்லாம் அவன் போட்ட திட்டம் இது: கவ்வாத்துக் கேங்கில் பேர் வாங்க வேண்டும். தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடும் அந்த வேலையில் கை ஓடுகிறவன் உச்சிப்பொழுதுக்குள் தன் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மத்தியானத்துக்கு மேல் லயத்துக்குப் பின்னால் பீன்ஸ் போட வேண்டும். சங்கையா மகள் முத்துப்பேச்சியைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். உலக யுத்தத்துக்குப் போய்வந்தவனின் திட்டம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

அவன் தொண்டனான வரலாற்றையும் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வருஷமும் சாரல் தொடங்குமுன் எஸ்டேட்டில் ஆளுக்கொரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் ஆபீஸ் வாசலில் கம்பளிக் குவியலோடு தொப்பி போட்ட சர்க்கார் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பளி இனாம் என்றார்கள். இனாம் என்றதும் எல்லாரும் சந்தேகப்பட்டு ஒதுங்கினார்கள். பெரியமுத்து மட்டும், பூச்சி அரிக்காத கம்பளியாகப் பொறுக்க வேண்டுமே என்று ஓடிப்போய் முன்னால் நின்றான். கம்பளிக்கு எப்போதும் வைக்கிற கைநாட்டுத்தானே என்று பெருவிரலை வைத்தான். சாயங்காலம் பட்டாளத்து ஆளாக, மலையை விட்டுக் கொரங்கணி இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தான். இதற்குச் சர்க்கார் பாஷையில் "தாமாக முன்வருதல்" என்று பேர். அரபு தேசத்துப் பசராவில் கால் வைத்த அன்று அடித்த வெயிலில் கம்பளியைத் தொடக்கூட முடியவில்லை.

பேர் கிடைக்காதவன் நேரே ஆபீசுக்குப் போனான். யாக்கோபு ரைட்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார்.

"வீரனுக்குக் கூலி வேலை குடுக்கப்படாது. இது ஒண்ணு. எஸ்டேட்டுல கூலி வேலையத் தவிர வேற வேலை இல்ல. இது ரெண்டு. ஆகவே ஒனக்கு வேலை இல்ல. தெளிவாத்தான இருக்கு?"

"அப்ப நான் வீரன் இல்லன்னு வச்சுக்கிடுங்க ரைட்டரய்யா."

"அதெப்படி? நம்ம எஸ்டேட்டுல இருந்து ஒரு வீரன் போனான்னு தொரை கிளப்புல எல்லாத் தொரைமார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்ப நீ இல்லன்னு சொன்னா தொரை பொய் சொன்ன மாதிரி ஆகும். தொரை பொய் சொல்லுவாரா?"

"மாட்டாரு."

"அப்ப நீ வீரன்தான்."

"வீரனுக்கு உள்ள வேலை எப்ப வரும்?"

"அடுத்த சண்டையில."

"அதுவரைக்கும்?"

"கௌரவமா இருடே. வேற என்ன வேணும் மனுசனுக்கு?"

மனுசனுக்குச் சோறு வேண்டும். பெரியமுத்து அதைச் சொன்னான். ரைட்டர் அதைத் தொரையிடம் கொண்டுபோனார். தொரை ஆழ்ந்து யோசித்தார். மேற்படி வீரர் காலைவேளைகளில் பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டிருப்பது பார்வைக்கு நன்றாயில்லாமையால், மேற்படியார் உட்காரும்பொருட்டு ஒரு நாற்காலி கனிவுடன் அனுமதிக்கப்பட்டது.

பெரட்டுக்களத்தில் அதுவரை நாற்காலியில் தொரை ஒருவர்தான் உட்கார்ந்தது. கங்காணிக்கே ஒரு கல்தான். இப்போது பிரம்பு நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. காக்கிக் கோட்டும் காலில் சுற்றிய பட்டித்துணியுமாகப் பெரியமுத்து அதில் உட்கார வேண்டும். ஜனங்கள் வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டும். ஜனங்கள் வேலைவிட்டு வருவதைப் பார்க்க வேண்டும். நடுவில் பசித்தால் கௌரவத்தைப் பார்க்க வேண்டும்.

முத்துப்பேச்சி கொழுந்துக் கூடைக்கு அடியில் கேப்பைக்கூழ் ஒளித்துக் கொண்டுவருவாள். "குடியும் மச்சான், யாரும் பாக்கல" என்பாள். வீரர் நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டு குடிப்பார்.

சங்கையா ஒருநாள் வந்து நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு மரியாதை.

"மாப்பிள்ள, நீரு பெரிய ஆளு. ஒம்ம கால்ல விழச் சொன்னாக்கூட விழுதேன்."

"அதெல்லாம் வேண்டாம் மாமா. பொண்ணக் குடுங்க."

"அது முடியாது. பேரு இல்லாதவனுக்கு வீடு இல்ல. வீடு இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல. எம்மவ என்ன, இந்த நாற்காலிக்கு அடியிலயா குடும்பம் நடத்துவா? சாரலுக்கு முந்திப் பேரு வாங்கும். இல்லாட்டி போடியில எங்க அக்கா மவன் காத்துக்கிட்டு இருக்கான்."

சாரலுக்கு அதிக நாள் இல்லை.

இதற்கிடையில் லயத்து இளவட்டங்களுக்கு ஒரு புதுப் பித்துப் பிடித்தது. பெரியமுத்து மாதிரி காலில் பட்டி சுற்ற வேண்டும். பட்டித்துணிக்கு எங்கே போவது? கம்பளியைக் கிழித்தார்கள். ராத்திரி குளிரில் பல் கிட்டித்துக் கிடந்தாலும் பகலில் முழங்கால்வரை யுத்தகளம்தான். மழைத்தூறலில் அட்டைகள் பட்டிக்குள் புகுந்தன. எடுக்க வழியில்லாமல் உள்ளேயே இருந்து சாவகாசமாகக் குடித்துக் கொழுத்தன. அட்டைகளுக்கு இப்படி ஒரு மாளிகையை எந்த ராஜாவும் கட்டிக்கொடுத்தது கிடையாது.

முத்துப்பேச்சியின் தம்பி கருப்புசாமி எல்லாருக்கும் ஒரு படி மேலே போனான். மீசையை இரண்டு பக்கமும் சுரைக்கொடி மாதிரி வளைத்துவிட்டான். யார் எதைக் கேட்டாலும் "ஆல்ரைட்" என்றான். "லே, ஒன் காலுல ரத்தம் ஒழுகுதுலே" என்றாள் அக்கா. "ஆல்ரைட்" என்றான். குருசாமி கங்காணியும் சும்மா இருக்கவில்லை. பெரட்டு முடிந்ததும் எல்லாரையும் இடது கால் வலது கால் என்று கொஞ்சநேரம் மிதிக்கவிட்டார். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் காட்சி நன்றாயிருக்கிறது என்று தொரை அபிப்பிராயப்பட்டதால் கொழுந்து தன் இஷ்டம்போல் முற்ற அனுமதிக்கப்பட்டது.

இந்த நிலையில்தான் தேவிகுளத்திலிருந்து தாசில்தாரின் கல்பனை, அதாவது உத்தரவு, வந்தது. வீரரைச் சர்க்கார் பாராட்டும். அதற்குப் பந்தல் போட வேண்டும், வாழை கட்ட வேண்டும், எல்லாரும் ஹாஜராக வேண்டும். வீரர் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும்.

யாக்கோபு ரைட்டர் அந்த வாக்கியத்தை அவனுக்கு உருப்போட வைத்தார். "'சக்கரவர்த்தி கூப்பிட்டால் மறுபடியும் போவேன்.' எங்க, சொல்லு."

"கூப்பிட்டுருவாங்களோ?"

"ஒன்னயக் கூப்பிட மாட்டாங்கடே, பயப்படாத. இதச் சொல்லு, தொரைக்கு நெஞ்சு குளிரும். ஒனக்கு என்ன வேணும்னு கேப்பாரு. அப்ப கேளு ஒன் பேர."

விழா அன்று தாசில்தார் வெகுநேரம் பேசினார். சூரியன் அஸ்தமிக்காத ராஜ்யத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூணுகல்லில் மூடுபனி இறங்கி அவரையே காணாமல் போக்கிவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பனி விலகியபோது எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பெரியமுத்து எழுந்தான்.

வாக்கியம் தொண்டைவரை வந்தது. எதிரே சங்கையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முத்துப்பேச்சி. சுற்றி வளைத்துப் பேச அவனுக்குப் பொறுமை இல்லை.

"நான் துப்பாக்கியத் தொட்டதே கெடையாது," என்றான். "கக்கூஸ் குழி வெட்டுனேன். கோவேறு கழுதைக்குப் புல்லு போட்டேன். நான் இங்க உள்ள கூலிதான் சாமி. எனக்கு நாற்காலி வேண்டாம். ஒரு கவ்வாத்துக் கத்தியும் பேரும் குடுங்க."

"என்ன சொல்கிறான்?" என்று தொரை இங்கிலீஷில் கேட்டார். யாக்கோபு ரைட்டர் எழுந்தார். எஸ்டேட்டின் மானம் இப்போது அவர் நாக்கு நுனியில் நின்றது.

"எதிரிகளுக்காகக் குழி வெட்டினாராம், தொரை. கையில் கத்தி இல்லாமல் மனது நிலைகொள்ளவில்லையாம்."

தொரை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நாற்காலிக்கு ஒரு மெத்தை போடும்படி உத்தரவாயிற்று.

ஜனங்களாவது புரிந்துகொண்டார்களா என்றால், அவர்கள் தொரையைவிட நன்றாகவே புரிந்துகொண்டார்கள். "பாத்தியாலே அடக்கத்த! கக்கூஸ் குழின்னு சொல்லுதான் பாரு! நெசமான வீரன் தன் வாயால சொல்லிக்கிடவே மாட்டான்."

தாசில்தார் மறுபடியும் எழுந்தார். யுத்தம் முடிந்துவிட்டது, ஆனால் யுத்தம் நடந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டியிருக்கிறது, இந்த வீரரைப் போல் ஆக விரும்புகிறவர்கள் உண்டோ என்று கேட்டார்.

இளவட்டங்கள் பெரியமுத்துவைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தார்கள். மெத்தை ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. கருப்புசாமி முதலில் போனான். அவனுக்குப் பின்னால் கவ்வாத்துக் கேங்கு மொத்தமும் போனது.

பெரியமுத்து கருப்புசாமியின் கையைப் பிடித்து இழுத்தான். "லே, அங்க கக்கூஸ் குழிதாம்லே!"

"இருக்கட்டும் மச்சான். இங்க வெட்டுனா இடுப்பு வலி. அங்க வெட்டிட்டு வந்தா நாற்காலி. நீரு மட்டும் உக்காரணும், நாங்க நிக்கணுமோ?"

கையை உதறிக்கொண்டு போய்ப் பெருவிரலை நீட்டினான்.

மறுநாள் விடியலில் பெரட்டுக்களம் பாதி காலி. மழைக்கு முன் கவ்வாத்து முடியாவிட்டால் அடுத்த வருஷக் கொழுந்து என்ன ஆகும் என்று தொரைக்கு இப்போதுதான் தோன்றியது. யாக்கோபு ரைட்டர் ஓடிவந்தார்.

"வீரனுக்கு அழகு எது? கத்தி. கவ்வாத்துக்கு வேண்டியது எது? கத்தி. ஆகவே கவ்வாத்து வீரனுக்கு உரிய வேலைதான். நேத்துவரைக்கும் இது கவனத்துக்கு வராமப் போச்சு. ஆள் வந்து சேருறவரைக்கும் இதுதான் உத்தரவு."

குருசாமி கங்காணி தொண்டையைச் செருமினார். "பெரியமுத்து!"

"இருக்கேன்!" என்றான். அந்தச் சத்தத்துக்கு எதிர்மலை திருப்பிப் பதில் சொன்னது. காலியான நாற்காலியில் கங்காணி உட்கார்ந்துகொண்டார். மெத்தை வீணாகப் போகக் கூடாதல்லவா?

சங்கையா மனம் நிறைந்து சொன்னார்: "மருமவனுக்குப் பேரு. மவனுக்கு நாற்காலி. எங்க வம்சத்துல எவன் இப்படி வாழ்ந்தான்?"

வெயில் ஏறும்போது முத்துப்பேச்சி கூடையைப் போட்டுவிட்டு மலைச்சரிவில் ஓடிவந்தாள். பெரியமுத்து கருப்புசாமியின் நிரையில் வெட்டிக்கொண்டிருந்தான். கீழே பாதையில், பட்டி சுற்றிய கால்களோடு பையன்கள் கொரங்கணி இறக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் கருப்புசாமி. சீட்டியடித்துக்கொண்டு போனான்.

"மச்சான், கூடாரத்துல ஒம்மகூடப் படுத்தவங்கள்ல ஒருத்தன்கூடத் திரும்பலன்னு சொன்னீரே. காய்ச்சல்ல வரிசையாப் போனாங்கன்னு. அத நேத்து ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"கழுதைக்குப் புல்லு போட்டத மட்டும் கேட்டாங்களோ? அங்க பாரும், எந்தம்பி போறான். குழின்னா சிரிப்பான். செத்தவன் பேரச் சொன்னா நிப்பான். ஒருத்தன் ஒருத்தனாச் சொல்லும். ஒம்ம வாயாலதான் நம்புவான். போயிச் சொல்லும் மச்சான், வளைவு தாண்டிட்டா கூப்பிட்டாக் கேக்காது."

பெரியமுத்து கீழே பார்த்தான். கூப்பிடு தூரம்தான். செத்தவர்கள் பேர் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். முதல் பேரைச் சொன்னாலே கருப்புசாமி நின்றுவிடுவான். அவன் திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள். கவ்வாத்துக்கு ஆள் வந்து சேர்ந்துவிடும். 'ஆள் வந்து சேருறவரைக்கும்' என்றுதான் ரைட்டர் சொல்லியிருந்தார்.

"இந்தச் செடிய முடிச்சிட்டுப் போறேன்," என்றான்.

கை ஓடுகிறவனுக்கு ஒரு செடி வெட்ட அதிக நேரம் பிடிக்காது. அந்தச் செடியை முடித்தான். அடுத்த செடிக்குக் குனிந்தான்.