மிக்ஸி அண்ணாச்சி வீட்டில் என்ன மிச்சம்?

தன் வீட்டுச் சாமான்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தே வாழ்ந்த மனிதர், நானறிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். சங்கரன்கோவில் மிக்ஸி அண்ணாச்சி. திருடன் வந்தால் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போவான் என்று நாமெல்லாம் யோசிப்போம். எந்தச் சாமான் தன்னை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று அண்ணாச்சி யோசிப்பார்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சர்ச் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். ராஜபாளையம் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்ததால் ஊருக்கே மிக்ஸி அண்ணாச்சி. குருவிகுளத்தில் இருந்தெல்லாம் மஞ்சள் பையில் மிக்ஸியைச் சுமந்துகொண்டு அவரைத் தேடி வருவார்கள். நான் அங்கே தறிக்கு நூல் விற்கும் கடை ஒன்றில் மேனேஜர். அவர் வீட்டு மாடியில் ஆறு வருஷம் குடியிருந்தேன்.

வீடு பார்க்கப் போன அன்று அண்ணாச்சி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "இரும்வே" என்று எனக்கும் தரையைக் காட்டினார். சுற்றிப் பார்த்தேன். நாற்காலி என்று ஒன்றுமே இல்லை. அடுப்படியில் இருந்து மதினி எட்டிப் பார்த்தார். அவருடைய மனைவியை அன்று முதல் நான் மதினி என்றுதான் கூப்பிட்டேன்.

"சாய்வு சேர் ஒண்ணு கெடந்திச்சு தம்பி. அருமையான சேரு. ஏலத்துல விட்டுட்டாவ."

"கஷ்டமா மதினி?"

"கஷ்டம் எல்லாம் இல்ல. அவியளுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. அதான்."

இந்தப் பதிலைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் குடியேறாமல் இருக்க என்னால் முடியுமா?

விஷயம் மெதுவாகத்தான் பிடிபட்டது. அவர்கள் சர்ச்சில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் ஒரு பங்கை எல்லாரும் ஆண்டவருக்கென்று கொண்டு வந்து படைப்பார்கள். தேங்காய், வாழைத்தார், சேவல், சீனிக்கிழங்கு என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள். அண்ணாச்சிக்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. அதனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். அந்த வருஷம் எது இல்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று தோன்றுகிறதோ, அது ஏலத்துக்குப் போய்விடும்.

"சாயங்காலமானா கடைய அடைச்சிட்டு ஓடி வருவேன்வே. யாராவது வழியில பேச்சுக் குடுத்தா எரிச்சலா வரும். ஒருநாள் யோசிச்சுப் பாத்தேன். நான் வீட்டுக்கு வரல, சேருக்கு வந்திருக்கேன்."

இரண்டாவது போனது மோட்டார் பைக். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பாராம். ஒரு காக்கை அதன் மேல் எச்சமிட்டதற்காக அவர் பேசிய பேச்சைக் கேட்டு மதினி காதைப் பொத்திக்கொண்டாராம். பைக் ஏலத்துக்குப் போன பிறகு கடைக்கு நடராஜா சர்வீஸ். முன்பெல்லாம் தூரத்தில் கையாட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது வழிமறித்து, "அண்ணாச்சி, ஜாருல ஒழுகுது" என்று ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்குத் திறந்த கடை பதினொன்றுக்குத் திறந்தது.

ஊர் லேசுப்பட்டதா? சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அண்ணாச்சி வீட்டுப் பெரிய டிவி மேல் எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரருக்கு ஒரு கண். பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வந்து உட்கார்ந்துகொண்டு உருக ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, இந்த டிவி மட்டும் இல்லேன்னா உங்க பாடு என்னாகும்! நெனைச்சாலே எனக்குப் பக்குங்கு."

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. மூன்று நாள் டிவியைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அதைத் துணி சுற்றிக் கட்டிவிட்டார். ஏலத்தில் எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மதினியும் சும்மா இருக்கவில்லை. வீட்டைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி திட்டுவது. அண்ணாச்சி காதில் விழும்படி, "இந்தச் சவத்து பிரிட்ஜ், ஒரு காசுக்குப் பிரயோஜனமில்ல" என்று ஏசுவார். அவர் கடைக்குப் போன பிறகு அதைத் தடவிக் கொடுப்பார். கட்டில், பீரோ, குக்கர் எல்லாமே மதினி வாயில் விழுந்துதான் பிழைத்தன.

நானும் யோக்கியன் இல்லை. அவருடைய மேஜை மின்விசிறியை ஒருநாள் வாயார வர்ணித்தேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது எனக்குப் புடிக்கலவே, உமக்குத்தான் புடிச்சிருக்கு. இந்தாரும்" என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த வருஷக் கோடை முழுக்க அந்தக் காற்றில் படுத்தேன். ஒருநாள்கூட நிம்மதியாகத் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன். "உண்மையைச் சொல்லுங்க அண்ணாச்சி, எதுக்கு இதெல்லாம்? புண்ணியத்துக்கா?"

அவர் மடியில் ஒரு மிக்ஸி பிரிந்து கிடந்தது.

"ஒரு மெஷினுக்கு எது உசிருன்னு எப்படிவே தெரியும்? ஒவ்வொண்ணாக் கழட்டணும். இது இல்லாம ஓடுதா? ஓடுது. அப்ப இது உசிரு இல்ல. சேரக் கழட்டினேன், ஓடுது. பைக்கக் கழட்டினேன், ஓடுது. எல்லாத்தையும் கழட்டின பொறவு கடைசில ஆண்டவர் மட்டும் மிஞ்சுதாரான்னு பாக்கணும்."

"மிஞ்சலேன்னா?"

"அதானவே பயம்" என்றார். சிரிக்கவில்லை.

நான் திருநீறு பூசுகிற ஆள். ஆனாலும் அன்று மாடிக்கு வந்து என் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதைக் கழட்டினால் நான் நின்றுபோவேன் என்று யோசித்தேன். செல்போன் வரை வந்ததும் பயந்துபோய் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

டிவியை ஏலத்துக்கு வைத்த வருஷம் பந்தலில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். போதகர் மைக்கில் அவரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி கைகூப்பிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

அதற்கடுத்த வருஷம்தான் வீட்டுக்கே ஆபத்து வந்தது. வீட்டுக்கு அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள். அண்ணாச்சி எதிர்ச்சாரிப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். தினமும் சிரித்தார். மதினி மாடியேறி வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"கல்யாணமாகி பதினோரு வாடகை வீடு மாறுனேன் தம்பி. எங்க போனாலும் ஆணி அடிக்கதுக்குக்கூடக் கேக்கணும். நகையெல்லாம் போட்டுக் கட்டுன வீடு. இதையும் அவிய வச்சிட்டா நான் எங்க போவேன்?"

எனக்கும் அதே கேள்வி உண்டு, நான் மாடியில் இருக்கிறேனே! அதனால் மதினி வழியையே பிடித்தேன். "அண்ணாச்சி, வடக்குச் சுவருல விரிசல் விட்டிருக்கு. என்ன வீடு கட்டியிருக்கீங்க, சே!" என்று குறை சொன்னேன். அவர் சிமெண்டு குழைத்து அந்த விரிசலை அடைத்தார். மாடிக் குழாய் ஒழுகுகிறது என்றேன், மாற்றினார். நான் திட்டத் திட்ட வீடு அழகாகிக்கொண்டே போனது. மதினி என்னை முறைத்தார்.

கடைசியில், "வீட்டையா அண்ணாச்சி வைக்கப் போறீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"தெரியலவே. தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

பண்டிகை அன்று ஏலப் பந்தலில் நிற்க இடமில்லை. எப்படியோ செய்தி பரவி, வீட்டு புரோக்கர்கள் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். மதினி முதல் வரிசையில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். என்ன ஜெபம் என்று எனக்குத் தெரியும். நானும் பின்னால் நின்று சங்கரநாராயணரிடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி வந்தார். தோளில் ஒரு பூசணிக்காய். முந்தின நாள் பனவடலிசத்திரம் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாராம். அதை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஏலம் போட்டவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, பெரிய சாமான் வெளிய வண்டில கெடக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. இவ்வளவுதான்."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. "வீடுன்னாவளே?" என்றது ஒரு குரல். "கை சுருங்கிட்டுலே" என்றது இன்னொரு குரல். புரோக்கர்கள் எழுந்து போனார்கள். மதினி மட்டும் அழுகையும் சிரிப்புமாக நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பூசணிக்கா, யாரு கேக்கீங்க?" என்று மூன்று முறை கூவினார் டிரில் மாஸ்டர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சேரையும் பைக்கையும் டிவியையும் தூக்கிக்கொண்டு போன ஊர்தானே இது!

"ஆயிரம்!" என்று கத்தினேன். டிரில் மாஸ்டருக்கு மைக் கைநழுவிவிட்டது.

பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அண்ணாச்சி கூடவே வந்தார். தெப்பக்குளத்தைத் தாண்டினோம். அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

"வீட்டக் கழட்டுனா ஓடும்னு தெரிஞ்சுபோச்சுவே. பதினோரு வீட்டுல ஓடினவன்தான நான்? அவ பாவம், அது அவளுக்கு வேணும். ஆனா போன வருசம் எல்லாரும் எந்திச்சி நின்னு கைதட்டுனாவ பாத்தீரா, அது ஒரு வருசமா என் காதுக்குள்ளயே கேட்டுக்கிட்டு இருக்கு. இந்த வருசம் வீட்ட வச்சா எவ்வளவு தட்டுவாவன்னு பாலத்துல உக்காந்து நெனைச்சு நெனைச்சு சிரிச்சிருக்கேன். ஆண்டவருக்குன்னு கொடுத்தேன்னு நெனைச்சிருந்தேன். அதெல்லாம் கைதட்டலுக்குக் கொடுத்திருக்கேன். அது இல்லாமத்தான் என்னால இருக்க முடியல. அதான் இன்னைக்கு அத வச்சிட்டேன்."

பூசணிக்காயைத் தோள் மாற்றிக்கொண்டேன். நன்றாகக் கனத்தது.

"ஊரே சிரிச்சிட்டே அண்ணாச்சி. கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமா இருக்கு. ஆனா ஓடுது வே, ஓடுது!" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். ஒன்பதாம் வகுப்புப் பையன் பரீட்சையில் தேறியதைச் சொல்வதுபோல அப்படி ஒரு முகம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதேயும். நீரு ஆயிரம்னு கத்தினீருல்லா, எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் ஜிவ்வுன்னுதான் இருந்திச்சு. அடுத்த வருசம் கேக்காதேயும்."

சரி என்று தலையாட்டினேன். அடுத்த வருஷம் அவர் சுரைக்காய் கொண்டு வந்தார். கேட்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். முடியவில்லை, கேட்டுவிட்டேன். எனக்குச் சுரைக்காய் ஆகாது, பூசணிக்காய் அறவே ஆகாது. ஆனால் அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.