கோஜோவுக்குப் பக்கத்து இலை

புகழ்பெற்ற பந்தாட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பின்னால், அவர் ஏமாற்றித் தாண்டிப் போன ஆட்கள் ஒரு கூட்டமாக இருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன். கோஜோ என்ற கோல்டு கோஸ்ட்காரர் (இன்றைக்கு அந்த நாட்டுக்குக் கானா என்று பெயர்) இங்கிலாந்திலும் பிறகு பிரான்சிலும் பல வருஷம் சம்பளத்துக்குப் பந்தாடியவர். மைதானத்தின் நடுவில் முன்னும் பின்னும் ஓடி ஆட்டத்தையே நடத்துகிற சென்டர் ஹாஃப். அந்த வாழ்க்கையின் தொடக்கத்தில், எங்கள் வெண்ணந்தூர் மைதானத்தில், அவருக்கு எதிரே நின்றவன் நான். நின்றவன் என்பதுகூட மிகை. உட்கார்ந்திருந்தவன்.

யுத்தம் முடிந்த சமயம். பர்மாவில் சண்டை போட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காமல் சேலத்துப் பக்கம் கூடாரம் அடித்துக் காத்திருந்தார்கள். பொழுது போகாமல் சுற்றுப்புற ஊர்களில் பந்தாடினார்கள். போன இடமெல்லாம் ஜெயித்தார்கள். எங்கள் குழுத் தலைவன் குப்புசாமி அவர்களை வெண்ணந்தூருக்கும் அழைத்துவிட்டான். அவர்கள் ஆட்டத்துக்கு உயிரே கோஜோதான் என்றும், அவரை நகரவிடாமல் ஒட்டிக்கொள்ள வேண்டியது நான் என்றும் ஏற்பாடு.

எனக்கோ ஊர் மானத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பொன்னுச்சாமி மாமா (அம்மா வழியில் தூரத்து உறவு) தம் மகள் பாவாயியை எனக்குக் கொடுப்பதாக இருந்தார். பாவாயியை ஒரு கல்யாணத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. எல்லாம் கூடிவந்த நேரத்தில் எவனோ ஒரு புண்ணியவான், "பையனுக்கு இளைப்புங்க. நாலெட்டு வெச்சா மூச்சு வாங்குமுங்க" என்று மாமா காதில் போட்டுவிட்டான். (சின்ன வயதில் ஒரு மார்கழியில் இருமினேன். அவ்வளவுதான்.) மாமா என் அப்பாவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மேச்சு அன்னைக்கு நானே வாரேன். பையன் ஓடறத என் கண்ணால பாத்துப்போட்டு வெத்தலபாக்கு மாத்திக்கலாமுங்க."

வந்தவர்களுக்குச் சோறு போடாமல் பந்தாட விடுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அரிசிக்கு ரேஷன். என்ன சமைப்பது என்று எல்லோரும் யோசித்தபோது, ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் என்று சொன்னவன் நான். அதில் ஒரு சூது இருந்தது. பழக்கமில்லாதவன் களியை மென்றால் அது பல்லோடு ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும். மரியாதைக்காக ஓர் உருண்டை உள்ளே போனாலும் பொழுது சாயும்வரை வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அப்புறம் கோஜோ எங்கே ஓடுவது?

"உனக்கு மூளைடா சாமி!" என்று குப்புசாமி என் முதுகில் தட்டினான்.

அந்த மூளைக்கு எங்கள் ஊர்ப் பந்தி வழக்கம் ஞாபகம் வரவில்லை. முக்கியமான விருந்தாளிக்குத் துணையாக வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். விருந்தாளி இலையில் விழுவதெல்லாம் துணை இலையிலும் விழும். அவர் கை கழுவ எழும்வரை இவர் அசையக் கூடாது. முந்தி எழுந்தால், தின்றது போதும் கிளம்பு என்று விருந்தாளியைச் சொன்னதாக அர்த்தம். இங்கிலீஷ் படித்தவன் என்று கோஜோவுக்குத் துணையாக என்னை உட்கார வைத்தார்கள். களிச் சட்டியோடு பரிமாற வந்து நின்றவர், ஆட்டம் பார்க்க வந்திருந்த பொன்னுச்சாமி மாமா.

கோஜோ உருண்டையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஒரு துண்டைக் கிள்ளி, விரலால் உருட்டி, குழம்பில் தோய்த்து, பல்லில் படாமல் விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஃபூஃபூ!" என்றார்.

அவர் ஊரில் கிழங்கை வேகவைத்து இடித்து இப்படித்தான் உருட்டி வைப்பார்களாம். மெல்லாமல் விழுங்குவதுதான் முறையாம். இத்தனை வருஷம் பட்டாளத்து ரொட்டி தின்று நாக்குச் செத்துப் போச்சாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்தால்.

"அட, நம்மூட்டுப் பையனாட்டமல்ல முழுங்கறாரு!" என்று மாமா பூரித்துப் போய் அவர் இலையில் இன்னோர் உருண்டை வைத்தார். என் இலையிலும் வைத்தார்.

"மாமா, எனக்குப் போதுங்க. ஆட்டம் இருக்குதுங்க."

"ஏன், அவருக்கு ஆட்டமில்லியாக்கும்? விருந்தாளி தின்னுட்டிருக்கறப்ப நீ எலைய மடிச்சா நல்லாவா இருக்கும்? தின்னு சாமி."

உருண்டைகளுக்கு நடுவே கோஜோ தம் ஆசையைச் சொன்னார். கூட வந்திருந்த வெள்ளைக்காரக் கேப்டன் பந்தாட்டம் தெரிந்தவராம். இன்றைக்கு நன்றாக ஆடினால், இங்கிலாந்தில் தம் ஊர்க் கிளப்புக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம். நான் "வெரி குட்" என்றேன். அதற்கு மேல் பேச வயிற்றில் இடமில்லை. மாமா மறுபடியும் வந்தார்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெறுங்கால்தான். கோஜோ அத்தனை களியையும் எங்கே வைத்தார் என்று தெரியவில்லை, அவிழ்த்துவிட்ட காளை மாதிரி பறந்தார். நான் முதல் தடவை துரத்தியபோது என் வயிறு எனக்கு முன்னால் போயிற்று. இரண்டாம் தடவை அது வர மறுத்தது. மூன்றாம் தடவை அவர் என் இடதுபக்கம் போவதுபோல் காட்டி வலதுபக்கம் போனார். நான் திரும்பினேன், கால் திரும்பவில்லை. மைதானத்தின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. மூச்சு புஸ் புஸ்ஸென்று வாங்கியது.

"டேய், பந்தி முடிஞ்சு போச்சுடா! எந்திரிடா!" என்று குப்புசாமி கத்தினான்.

மைதானமே சிரித்தது. கடைசியில் கோஜோவே திரும்பி வந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி என்னை ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். சரியாக மாமா காலடியில். மாமா என் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி கைவிட்டுப் போனாள் என்று நினைத்தேன். வெட்கத்தைவிட அந்த நினைப்புதான் அழுகையைக் கொண்டுவந்தது.

ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். அப்பா தலை குனிந்தபடி மாமாவிடம் வந்தார். மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"பையனுக்கு இளைப்புமில்ல, ஒரு மண்ணுமில்லீங்க. களி வெச்சவன் நானு. இளைப்புக்காரனா இருந்தா ரெண்டாவது உருண்டைக்கே எந்திரிச்சு ஓடியிருப்பானுங்க. விருந்தாளி எந்திரிக்கற வரைக்கும் உக்காந்திருந்தான் பாருங்க, அந்த மருவாதி போதுமுங்க. தை மாசத்துல நாள் பாருங்க."

கோஜோவுக்கும் கேப்டனின் சிபாரிசு அன்றைக்கே முடிவாகிவிட்டது. (நடு மைதானத்தைக் காலியாக வைத்துக் கொடுத்தவன் நான் என்பதைக் கேப்டன் கவனித்தாரோ என்னவோ.) சில வருஷம் கழித்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியில் நிற்கும் ஒரு படத்தைக் கோஜோ எனக்கு அனுப்பினார். பூட்ஸ் கடிக்கிறது, இங்கே உருளைக்கிழங்கை மசித்துப் போடுகிறார்கள், விழுங்கினால் வயிற்றில் நிற்பதில்லை, உன் மாமா சௌக்கியமா என்று பின்னால் எழுதியிருந்தார். பிறகு பிரான்ஸ் போனார். முழங்கால் கெட்டதும் ஊர் திரும்பிப் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தார்.

எனக்கும் ஓர் உத்தியோகம் நிலைத்தது. மாமனார் வீட்டில் எந்த விசேஷமானாலும், வந்தவர்களில் யார் அதிகம் சாப்பிடுகிற ஆளோ அவருக்குப் பக்கத்து இலை என்னுடையது. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தது மரியாதைக்காக அல்ல, எழ முடியாமல்தான் என்பது மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. பாவாயிக்குத் தெரியும். இப்போதும் களி கிண்டிய நாளில், கரண்டியை என் இலைக்கு மேலே நிறுத்திக்கொண்டு கேட்பாள்:

"இன்னொன்னு வெக்கட்டுங்களா? இல்ல, எங்கியாச்சும் ஓடற சோலி இருக்குதுங்களா?"