ஏற்றிப் பார்க்கிறவர்

ஒரு கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு, மறுகையில் டிவி கேம் கேசட். கேசட்டின் அடியில் வரிசையாக இருக்கும் செம்புப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். ஊதுகிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். மறுபடியும் துடைக்கிறார். இப்படி ஒருவரைக் கண்டால், விளையாட உட்காரப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சும் ஸ்பிரிட்டும் நான் நோயாளிக்கு ஊசி போட வைத்திருந்தவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவர் விளையாடுகிற இனமே இல்லை. விளையாட்டை ஏற்றும் கருவியைத் தேடுகிற இனம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழைய டிவி கேம் பெட்டிக்கு ஓர் ஆட்டத்துக்கு ஒரு கேசட் வேண்டும். செருகினோமா, ஆடினோமா, எழுந்து வேறு வேலையைப் பார்த்தோமா என்று இருந்துவிடலாம். இவரால் முடியாது. கேசட் செருகும் இடத்தில் கையடக்கமான ஒரு கருவியைச் செருக வேண்டும், அதன் வாயில் கம்ப்யூட்டருக்குப் போடுகிற சதுரத் தகடான பிளாப்பியைத் தள்ள வேண்டும், பிளாப்பியிலிருக்கும் ஆட்டம் பெட்டிக்குள் ஏற வேண்டும், இப்படியே உலகத்திலுள்ள ஆட்டமெல்லாம் ஏற வேண்டும். ஏறிய பிறகு? அதை மட்டும் கேட்காதீர்கள்.

நான் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஆர்.எஸ்.புரம் ரவிக்குமார். பம்ப் செட் கம்பெனியில் நல்ல வேலை, நாற்பது வயது. அவருடைய அப்பா அங்கப்பனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனதால், தொண்ணூற்றாறில் பகல் நேர நர்ஸாக என்னை வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு மருந்து எத்தனை வேளை என்று மகனுக்குத் தெரியாது. ஆனால் காந்திபுரத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் எந்தக் கிழமை சென்னைக்குப் போவார், கருமத்தம்பட்டியில் தறி வைத்திருப்பவரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து எப்போது வருவார், அவர் பெட்டியில் எத்தனை கிலோ இடம் மிச்சமிருக்கும் என்பதெல்லாம் ஒரு நீல நோட்டில் தேதிவாரியாக இருந்தது.

டிவி ரிப்பேருக்கு வரும் கோட்டைமேடு அப்துல் நாசரை அவர் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்.

“ஏனுங்க பாய், பிளாப்பி ஏத்தற டப்பா ஏதாச்சும் வந்துதுங்களா?”

“போன வாரம் வந்துச்சுங்களே சார். நீங்கதான் வேண்டாம்னீங்க.”

“அது பெருசுங்க. கையில எடுத்துட்டுப் போறாப்பல இருக்கோணும்.”

“எங்கீங்க சார் எடுத்துட்டுப் போவீங்க?”

அந்த வீட்டு டிவி இருபத்தொரு அங்குலம். ஸ்டாண்டோடு தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஸ்டெபிலைசருக்கு இன்னொரு ஆள். கருவி மட்டும் சட்டைப்பையில் போக வேண்டும்!

இதற்கிடையில் அங்கப்பன் கதை வேறு. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் ரப்பர் பந்து தந்திருந்தார். அவர் அதை இடது கையால் வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். “நான் என்ன கைக்கொழந்தைங்களா அம்மணி?” சரி என்று ஒரு மதியம் டிவி கேமில் கார் ரேஸ் கேசட்டைச் செருகி, ஜாய்ஸ்டிக்கை அவர் மடியில் வைத்தேன். வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினால்தான் கார் ஓடும். முதல் நாள் கார் நகரவேயில்லை; வசவுதான் நகர்ந்தது. பத்தாவது நாள் ஒரு சுற்று முடித்தார்.

அந்தக் கட்டைவிரல் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. கொடுமுடியில் தங்கை பேத்திக்குக் கல்யாணம். “பந்தியில ஒருத்தர் எனக்கு ஊட்டி உடறதுன்னா நான் வாரலைங்க. நாலு பேரு முன்னால அது வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். இலையிலிருந்து எடுத்த சோற்றை வாய்க்குள் தள்ளுவது கட்டைவிரல்தான். சந்தேகமிருந்தால் இன்றைக்குச் சாப்பிடும்போது கவனித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கருவி வந்து சேர்ந்தது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. கூடவே இருநூறு பிளாப்பி. ரவிக்குமார் லீவு போட்டார்.

கேசட்டைப் பிடுங்கினார், கருவியைச் செருகினார், பிளாப்பியைத் தள்ளினார். கருவி கரகரவென்று முனகியது. திரையில் ஆட்டத்தின் பெயர் வந்தது, படம் வந்தது, பாட்டு வந்தது. “ஏறிடுச்சு!” என்றார். நோட்டில் ஒரு டிக். உடனே அணைத்துவிட்டு அடுத்த பிளாப்பி. கரகர, பெயர், படம், பாட்டு, டிக். எட்டு நாள் இதே வேலை. ஒரு காரும் ஓடவில்லை, ஒரு பந்தும் உருளவில்லை, ஒரு வில்லனும் அடிபடவில்லை.

“டேய் ரவி, என்ற காரை உடுடா.”

“காரு இதுலயே இருக்குதுங்கப்பா. பதினேழு வகை. ஒருக்கா செக் பண்ணிப்போட்டுத் தாறேன்.”

“எனக்கு ஒண்ணு போதும்டா.”

“எது நல்லதுன்னு பார்க்கோணுமில்லீங்களா?”

அவர் மனைவி சண்முகப்ரியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, இத்தனையும் ஏத்தி யாருங்க ஆடறது?”

“ஆடறதுக்கா இத்தனை பாடுபட்டு வாங்கினேன்?” என்று அவர் கோபித்துக்கொண்டார். இந்த இனத்தின் மொத்த வேதாந்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

எட்டாம் நாள் சாயங்காலம் அங்கப்பன் கையில் ஒரு சின்ன டம்ளரைக் கொடுத்துப் பார்த்தேன். நழுவி விழுந்தது. கட்டைவிரல் மறுபடி மரக்கட்டை ஆகியிருந்தது. அவர் டம்ளரை இடது காலால் எட்டித் தள்ளிவிட்டு, “கல்யாணத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க” என்றார். நான் ரவிக்குமாரிடம் போய், விரல் போகிறது, பெட்டியை விடுங்கள் என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான், கண் கலங்கிவிட்டது. “நூத்தி நாப்பது முடிஞ்சுதுங்க நர்சம்மா. அறுவதுதான் பாக்கி” என்றார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் ஒரு காரியம். கடையில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கி, வரிசை சரியா என்று முதலடியை மட்டும் கேட்டு அடுக்கிவைத்த கேசட்டுகள், செய்து பார்க்கலாம் என்று வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டிவைத்த சமையல் குறிப்புகள், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று அட்டைப்பெட்டி பிரிக்காத பீங்கான் தட்டுகள், இவை உங்கள் அலமாரியில் எத்தனை என்று எண்ணிவிட்டு வந்து சிரியுங்கள். எண்ணிய கணக்கை ஒரு நோட்டில் எழுதத் தோன்றினால், நீங்கள் முற்றிய கேஸ்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். ரவிக்குமார் குளித்துக்கொண்டிருந்தார். கருவியைப் பிடுங்கி, பிளாப்பிகளோடு சேர்த்து பெட்பேன் வைக்கிற அலமாரிக்குள் வைத்தேன். பூட்டவில்லை. அதைத் திறக்க அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தைரியம் கிடையாது. கார் கேசட்டைச் செருகி, ஜாய்ஸ்டிக்கை அங்கப்பன் கையில் வைத்தேன்.

துண்டோடு வந்த ரவிக்குமார் பெட்டியைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, வளைவுல பக்கத்துப் பட்டனுங்க.”

“தெரியும். நீ கம்முனு உக்காருடா. பன்னெண்டு நாள்தான் இருக்குது.”

அவர் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். ஒன்பது மணிக்கு இட்லி கொண்டுபோகும்வரை அங்கப்பன் மூன்று முறை சுவரில் மோதினார். ரவிக்குமார் பதினோரு முறை.